கூனிக்கரடு

சித்திரை முதல் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, கூனிக்கரட்டின் அடிவாரத்தில் நின்ற ஒற்றை வேப்பமரத்தடியில் சௌந்தரபாண்டியன் பைக்கை நிறுத்தினான். பாளையம்பட்டியில் இருந்த தன் வீட்டிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. திருச்சுழி ரோட்டை விட்டு இறங்கியபின் கடைசி நான்கு கிலோமீட்டரும் மண்பாதைதான். இருபுறமும் வேலிக்கருவை, இடையிடையே வெடித்துக் கிடக்கும் கரிசல், தொலைவில் கரிமூட்டத்தின் புகை. அதற்கு நடுவே தரையை முட்டிக்கொண்டு எழுந்ததுபோல் அந்தக் கரடு நின்றது. பாதி உயரத்தில் முதுகு புடைத்து, உச்சி சற்று முன்னால் கவிழ்ந்திருந்தது. அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று அவன் நினைத்திருந்தான்.

பந்தல்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அவன் அறிவியல் ஆசிரியர். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் இந்தப் பக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த ஒரு நிமிடம், நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. மரமோ சுவரோ குறுக்கே இல்லாத ஓர் உச்சியில் நின்று அதை வீடியோ எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவனுடைய மூன்று வருட ஆசை. கணக்கும் போட்டு வைத்திருந்தான். பன்னிரண்டு மணி பதினேழு நிமிடம்.

காலையில் கிளம்பும்போது மனைவி கிருஷ்ணப்ரியா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா யாராவது கரடு ஏறப் போவாகளா?"

"மூணு மணிக்கு வந்துருவேன். சாப்பாட்டை எடுத்து வை."

"உங்க பொண்ணு நீங்க வராமச் சாப்பிட மாட்டா. அதை நெனப்புல வச்சுக்கிடுங்க."

ஆறு வயது கோகிலா அப்போது பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மரத்தடியில் ஆடுகளை மடக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் மாரிக்கனி என்று அவளே பிறகு சொன்னாள். நூறடி தள்ளித் தகரம் வேய்ந்த ஒரு வீடு இருந்தது. அவளுடையது.

"எங்க சார், மேலயா?"

"ஆமாக்கா. உச்சி வரைக்கும் பாதை இருக்கா?"

"இருக்கு. செவப்பா ஒரு தாரை தெரியுது பாருங்க, அதைப் பிடிச்சு ஏறுனா நேரா மேல கொண்டு விட்டுரும்." அவள் அவன் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தனியாவா வந்திருக்கீக?"

"ஆமா. மத்தியானம் வரைக்கும் மேல ஒரு வேலை இருக்கு."

"மத்தியானம் வரைக்குமா."

அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. கையிலிருந்த தொரட்டிக் கம்பை இறுக்கிப் பிடித்தாள். "வீட்டுல பிள்ளைக இருக்கா சார்?"

"ஒரு பொண்ணு. ஆறு வயசு."

மாரிக்கனியின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அந்த நேரம் தகர வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் முனகும் சத்தம் கேட்டது. பெரும் பாரத்தைத் தூக்கியவன் விடும் மூச்சு போல, நீளமாக. அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"தண்ணி நெறைய எடுத்துட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஏற்றம் அவன் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. செருப்பைத் தாண்டிப் பாறையின் சூடு பாதத்தில் ஏறியது. காய்ந்த கோரைப்புல் முழங்காலைக் கீறியது. முதல் அரை மணி நேரம் கௌதாரிகள் கத்திக்கொண்டிருந்தன. கீழே ஆட்டு மணிகளின் சத்தமும், வெகு தூரத்தில் தூத்துக்குடி ரோட்டில் போகும் லாரிகளின் ஹாரனும் கேட்டன. முதுகுபோல் புடைத்திருந்த பாறையைத் தாண்டியதும் அவை எல்லாமே நின்றுவிட்டன. காது அடைத்துக்கொண்டதோ என்று அவன் எச்சில் விழுங்கிப் பார்த்தான். தன் தொண்டையின் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பதினொன்று நாற்பதுக்கு உச்சியை அடைந்தான். ஒரு வீடு கட்டும் அளவுக்குச் சமதளமான பாறை. அங்கே ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கத்துக் கரடு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வேலாவது, சுண்ணாம்புப் பட்டை அடித்த கல்லாவது இருக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஓர் ஆட்டுப் புழுக்கைகூடக் கிடக்கவில்லை. ஆடு ஏறாத கரடு ஒன்றை அவன் அன்றுதான் பார்த்தான்.

வெள்ளை அட்டையை விரித்து, கொண்டு வந்திருந்த ஒரு மீட்டர் பைப்பை அதன் நடுவே தாங்கியில் செங்குத்தாக நிறுத்தினான். செல்போனை ஒரு கல்லில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

பைப்பின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு சாண். நான்கு விரல். ஒரு விரல்.

பன்னிரண்டு பதினேழுக்கு அது இல்லாமல் போனது.

அவன் எழுந்து நின்று தன்னைச் சுற்றிப் பார்த்தான். அவனுக்கும் நிழல் இல்லை. பாதத்தின் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டிருந்தது. தனியாக நின்று சிரித்தான். மூன்று வருட ஆசை.

அப்போதுதான் காற்று நின்றது.

ஒரு வாடை வந்தது. வெயிலுக்கும் பாறைக்கும் கொஞ்சமும் சம்பந்தமில்லாத வாடை. மஞ்சளும் ரத்தமும் பாலும் கலந்த, மூடி வைத்த அறையின் வெதுவெதுப்பான வாடை. கோகிலா பிறந்த அன்று பிரசவ வார்டின் வாசலில் நின்றபோது இதே வாடைதான் அடித்தது என்பது அவனுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தான். வெறும் பாறை, வெறும் வானம்.

வாடை அவன் பின்னால் வந்து நின்றது. பிறகு தலைக்கு மேலே போனது.

பிறகு இல்லை.

வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தான். மீதி வேலை இருந்தது. நிழல் திரும்பி வருவதை அளக்க வேண்டும். பன்னிரண்டு நாற்பதுக்கு ஸ்கேலை வைத்துப் பார்த்தான். ஒரு மீட்டர் பைப்புக்குப் பத்து சென்டிமீட்டர் நிழல். கணக்கு சரி. அவனுடைய உயரம் நூற்று எழுபது. அவனுக்குப் பதினேழு சென்டிமீட்டர் விழ வேண்டும். நேராக நின்றுகொண்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லைப் போட்டு அடையாளம் வைத்து அளந்தான்.

இருபத்தைந்து இருந்தது.

துண்டை எடுத்துவிட்டு மறுபடி அளந்தான். இருபத்தைந்து. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கால் சுடச்சுட நின்று அளந்தான்.

இருபத்தைந்து.

பொருள்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினான்.

இறங்க இறங்க நிழல் நீண்டது. வெயில் அவன் முதுகுப் பக்கம் சாய்ந்திருந்ததால் அது அவனுக்கு முன்னால் பாறைகளின்மேல் விழுந்து விழுந்து நகர்ந்தது. முதலில் அது ஓர் உருவமற்ற கறுப்புத் திட்டுதான். ஒன்றரை மணி வாக்கில் அதற்குத் தோள்கள் வந்தன. தோளுக்கு மேல் தலை இருக்க வேண்டிய இடத்தில், தலையைவிடப் பெரிதாக ஏதோ இருந்தது. பை என்று நினைத்தான். பையைக் கழற்றிக் கையில் பிடித்தான். நிழலின் கையிலும் பை வந்தது. தோளுக்கு மேலிருந்தது அப்படியே இருந்தது.

அவன் அதைப் பார்க்காமல் நடக்கப் பார்த்தான். முடியவில்லை. பார்க்காமல் அந்த இறக்கத்தில் கால் வைக்க முடியாது.

புடைப்புப் பாறையைத் தாண்டிச் செம்மண் சரிவுக்கு வந்தபோது அது முழுதாகத் தெரிந்தது.

அவன் தோள்மீது யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மெலிந்த இரண்டு கால்கள் அவன் மார்பின் இருபுறமும் தொங்கின. ஒரு முதுகு கூன் போட்டிருந்தது. ஒரு கை அவன் தலைமுடியைப் பிடித்திருந்தது.

சௌந்தரபாண்டியன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் துழாவினான். காற்றுதான் இருந்தது. உடம்பை உலுக்கினான், குதித்தான், தரையில் விழுந்து புரண்டான். எழுந்து பார்த்தபோது நிழலில் அது தன் சமநிலையைச் சரிசெய்துகொண்டிருந்தது. பல பேர் தோளில் ஏறிப் பழகியதுபோல, அவசரமில்லாமல்.

அதற்குப் பிறகுதான் கனம் வந்தது.

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். மாரிக்கனி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் செம்மண்ணில் விழுந்திருந்ததைத்தான் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டை நோக்கி ஓடினாள்.

"இங்க வாங்க. ஒரு நிமிசம் வெளிய வாங்க. வெயில்ல நில்லுங்க."

வீட்டுக்குள்ளிருந்து ஒருவனை அவள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவளுடைய கணவன் சோணைமுத்து. வயது நாற்பதுக்குள் இருக்கும். தாடை நெஞ்சில் முட்டும்படி கழுத்து வளைந்திருந்தது. பார்வை தரையைவிட்டு எழவில்லை. அவன் வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்தான்.

மாரிக்கனி அவனுடைய நிழலைப் பார்த்தாள். சௌந்தரபாண்டியனும் பார்த்தான்.

அதன் தோளிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சோணைமுத்து தலை நிமிராமலே கேட்டான்: "யாரு புள்ள வந்திருக்கிறது? காலையில வந்தவரா?"

"ஆமா."

"மேல போயிட்டு வந்துட்டாரா?"

"ஆமா."

"எனக்குக் கொறையலயே."

"கொறையலங்க," என்றாள் மாரிக்கனி. "இது வேற."

பிறகு அவள் சௌந்தரபாண்டியனை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையில சொல்லிருக்கணும் சார். வாய் வரைக்கும் வந்துச்சு. போன சித்திரையில ஆட்டைத் தேடி இவரு மேல போனாரு. உச்சி நேரத்துல மேல இருந்துட்டாரு. அன்னைக்கு ஏறுனது. வேற ஒரு ஆளு அங்க போயி நின்னா இதை விட்டுட்டு அவுக மேல ஏறிக்கிடும்னு நெனச்சேன். ஒரு வருசமா இந்தப் பாதையில யாரு வருவாகன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க வந்தீக."

"மேல என்னதான் இருக்கு?"

"தெரியல சார். எத்தனை இருக்குன்னும் தெரியல."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வர இடமில்லாத அளவுக்குக் கழுத்து வலித்தது. "இதை எறக்க ஒரு வழியும் இல்லையா?"

"போகாத இடமில்ல. திருச்சுழியில குறி சொல்லுற ஒருத்தர் மட்டும் எறக்க முடியாதுன்னு நேரா சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு." அவள் குரல் தணிந்தது. "அது நம்மளத் தேடி வரலையாம். பிள்ளையத் தேடி வருதாம். பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள அதைத் தூக்கிட்டுப் போயிரக் கூடாதாம். எம் மக துர்காவுக்கு அஞ்சு வயசு. அன்னைக்கே நரிக்குடியில எங்க அம்மா வீட்டுல கொண்டு போய் விட்டுட்டேன். நான் மட்டும் போயிப் பார்த்துட்டு வருவேன். இவரு பார்த்து ஒரு வருசமாச்சு."

சோணைமுத்து தரையைப் பார்த்தபடியே சொன்னான். "வீட்டுக்குப் போகாதீக சார்."

அவன் போகவில்லை.

பைக்கில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தான். மூன்று மணி தாண்டியிருந்தது. கிருஷ்ணப்ரியா எடுத்ததும், "இலை போட்டு வச்சிட்டு உட்கார்ந்திருக்கோம்," என்றாள். அவன் தன்னால் முடிந்த ஒரே பொய்யைச் சொன்னான். காலையிலிருந்தே காய்ச்சல், மேலெல்லாம் கொப்பளம், அம்மை போட்டிருப்பதுபோல் தெரிகிறது, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், பந்தல்குடியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் அறையில் தங்கிக்கொள்கிறேன்.

"நான் வாரேன். கோகிலாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாரேன்."

"வேண்டாம். உன் மூலமாவும் அவளுக்கு வந்துரும்."

கழுத்துக் கனத்தில் ஓட்ட முடியாமல் பைக்கை வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பந்தல்குடிக்குப் போனான். அந்த அறை ஒரு லாரி ஷெட்டின் மாடியில் இருந்தது. ஒரு ஜன்னல்தான். அதில் அவன் பாயைக் கட்டி மறைத்தான். வெளிச்சம் இல்லையென்றால் அதைப் பார்க்க வேண்டியதில்லை. கனம் மட்டும் இருக்கும். முதல் வாரம் ஒரு சிமென்ட் மூட்டை அளவு. இரண்டாம் வாரம் எழுந்து நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லோடு ஏத்துற வேலையா?"

"ஸ்கூல் வாத்தியார் சார்."

"எலும்பு நசுங்கியிருக்கு. இருபது வருசம் மூட்டை தூக்குனவுகளுக்குத்தான் இப்படி இருக்கும்."

கிருஷ்ணப்ரியா ஒரு நாள் சொல்லாமல் வந்துவிட்டாள். அவன் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வேப்பிலையையும் தூக்குவாளியையும் வைத்துவிட்டு வெகு நேரம் நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. வேற ஏதாவது நோயா?"

"அம்மைதான்."

"உங்க குரல் கீழ இருந்து வருது. படுத்துக்கிட்டா பேசுறீக?"

அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

தினமும் சாயங்காலம் கோகிலாவிடம் போனில் பேசுவான். அவள் வைத்து விளையாடும் பொம்மை, அவளுக்கு விழுந்த பல், எதிர் வீட்டு நாய் போட்ட குட்டிகள். அவன் தாடை நெஞ்சில் முட்ட, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு மாரிக்கனியிடமும் பேசுவான். பேச ஒன்றும் இருக்காது. "எப்படி இருக்காரு?" "அப்படியேதான் சார். உங்களுக்கு?" "அப்படியேதான்." அந்த இரண்டு வார்த்தைக்காகவே அவன் அவளைக் கூப்பிட்டான். இந்த உலகத்தில் அவனை நம்பக்கூடியவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான். தன்னைத் தெரிந்தே மேலே அனுப்பியவள் அவள் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் இடத்தில் இருந்திருந்தால் தானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பான் என்று ஒரு நாள் தோன்றியது. அது அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான். நான் இங்கே இருக்கும் வரை கோகிலா அங்கே பத்திரமாக இருப்பாள்.

வைகாசி பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். பிற்பகல் மூன்று மணி. கீழே லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்த சௌந்தரபாண்டியன், எதையோ எடுக்க நினைத்து எழுந்தான். எழுந்த பிறகுதான் கவனித்தான். சுவரைப் பிடிக்கவில்லை.

கனம் இல்லை.

கழுத்தை மெல்ல நிமிர்த்தினான். எலும்பு நெரிந்தது, வலித்தது, ஆனால் நிமிர்ந்தது. முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு கூரையைப் பார்த்தான். ஒட்டடை படிந்த ஒரு சாதாரணக் கூரை. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

மாடிப்படிக்கு வந்து வெயிலில் நின்றான். சுண்ணாம்புச் சுவரில் நிழல் விழுந்தது. ஒரு உடம்பு, இரண்டு கை, ஒரு தலை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையை உயர்த்திப் பார்த்தான். தலைக்கு மேல் அளைந்து பார்த்தான். ஒன்றும் இல்லை.

முதலில் மாரிக்கனியைக் கூப்பிட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது. அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். இவருக்கு இன்னைக்கு மத்தியானம் எறங்கிருச்சு. தானா நிமிந்து உட்கார்ந்துட்டாரு. நாங்க நரிக்குடி பஸ்ஸுல போயிக்கிட்டு இருக்கோம். பிள்ளையப் பார்க்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. இப்ப என் பக்கத்துல தலையச் சாச்சுத் தூங்குறாரு. ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் சாஞ்சு தூங்குறாரு சார்."

"எனக்கும் எறங்கிருச்சு."

"சாமி இருக்கு சார்." அவள் அழுதாள். பிறகு, "எங்கம்மா போனு வந்துக்கிட்டே இருக்கு சார். நாலஞ்சு தடவை அடிச்சிருச்சு. என்னான்னு கேட்டுட்டுக் கூப்பிடுதேன்," என்று வைத்துவிட்டாள்.

அவன் வீட்டுக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்கச் சிரிக்கும் சத்தம். கோகிலா.

"அம்மாகிட்ட குடு கோகிலா."

"அம்மா கோழிக்கறி வாங்கக் கடைக்குப் போயிருக்கு."

"சரி, அம்மா வந்ததும் சொல்லு. அப்பாவுக்குச் சரியாப் போச்சு. பஸ்ஸு ஏறி இப்ப வீட்டுக்கு வாரேன்."

சிரிப்பு நின்றது. அவள் யோசிப்பது அவனுக்குக் கேட்டது.

"நீங்கதான் மத்தியானமே வந்துட்டீகளே."

கீழே லாரியின் இன்ஜின் அணைந்தது. அந்த அமைதியில், போனுக்குள் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் மிகப் பக்கத்தில் கேட்டது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு அது அவ்வளவு பக்கத்தில் கேட்கக் கூடாது.

"கோகிலா," என்றான். "நீ எங்க உட்கார்ந்திருக்க?"

"உங்க தோள்லதான்."

"எறங்கும்மா. இப்பவே கீழ எறங்கு. எறங்கி வெளிய ஓடிரு."

"நீங்க காலைப் பிடிச்சிருக்கீகளே."

அவன் படிகளில் இறங்கி ஓடினான். ரோட்டில் பஸ் எதுவும் இல்லை. பாளையம்பட்டிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெயிலில் ஓடினான். அந்தப் பக்கம் கோகிலா போனைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் இப்போது பேசியது அவனிடம் இல்லை.

"அப்பா, உங்க தலை ஏம்ப்பா பாறை மாதிரி சுடுது?"